பழைய சாமான் மாட்டிய கார்

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. இன்று அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அன்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாறசாலையில் ஒரு பழைய சீமைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவன் மனிதர்களை நம்ப ஆரம்பித்தால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டான் என்பது என் எண்ணம். பெட்ரோல் போடப் போனால் இறங்கி நிற்பேன். பம்பின் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று குனிந்து பார்ப்பேன். குழாயில் மிச்சம் தங்கியிருக்கும் என்று அதைத் தூக்கிப் பிடித்து உதறச் சொல்வேன். பம்பு அடிக்கிறவர் என் காரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பட்டும், அளவு குறையாமல் இருந்தால் எனக்குப் போதும்.

காருக்குச் செலவழிப்பதில் என்னைப் போல ஒரு கஞ்சன் அந்த வட்டாரத்தில் கிடையாது. கிரீஸ் நானே அடிப்பேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். என்ஜினில் இருந்து இறக்கிய எண்ணெயைக் கீழே கொட்ட மாட்டேன். என் மனைவி தோளில் போடும் பாலராமபுரம் நேரியலை நாலாக மடித்து அதில் வடிகட்டி, தெளிந்ததை மறுபடியும் ஊற்றுவேன். முதல் தடவை எடுத்தது பழைய நேரியல். இரண்டாம் தடவை எடுத்தது அவள் ஒரு கல்யாண வீட்டுக்கு உடுத்துவதற்காக மடித்து வைத்திருந்தது. அன்று எனக்குச் சோறு கிடைத்தது, கறி கிடைக்கவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு வழக்கம் இருந்தது. அது நான் கண்டுபிடித்தது அல்ல, எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்த நாலைந்து பேரும் செய்ததுதான். காரை ஒர்க் ஷாப்பில் விடுவதற்கு முன்னால் அதில் உள்ள நல்ல சாமான்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பழையதை மாட்டிக்கொண்டு போவது. திருவிழாக் கூட்டத்துக்குப் போகும் பெண்கள் சங்கிலியைக் கழற்றி அரிசிப் பெட்டியில் ஒளித்து வைப்பார்களே, அது போலத்தான். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, புது பிளக்குகள், வைப்பரின் ரப்பர் வரை கழற்றுவேன். மெக்கானிக் எடுத்துவிட்டு மட்டமானதை மாட்டிவிடக் கூடாது அல்லவா? ஏற்கனவே மட்டமானதாக இருந்தால் அவன் எதை எடுப்பான்?

நான் போய்க்கொண்டிருந்த ஒர்க் ஷாப் நெய்யாற்றின்கரையில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. அதை நடத்தியவரை எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வீட்டில் மலையாளம், எங்களிடம் தமிழ். நாகர்கோவிலில் கேட்கும் கூலியில் பாதிதான் கேட்பார். அந்தப் பாதிதான் எனக்கு உறுத்தும். பாதிக் கூலிக்கு வேலை செய்கிறவன் மீதியை எங்கிருந்து எடுக்கிறான்? கொட்டகையின் மூலையில் அவர் தனக்கென்று ஒரு காரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முதலில் வெறும் சட்டம் மட்டும் கிடந்தது. ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் அதில் ஒரு சாமான் கூடியிருக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்பார். எந்தக் காரில் இருந்து வந்ததோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதனால் கார் அங்கே நிற்கும் வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் கையைப் பார்த்தபடி இருப்பேன். சாயா குடிக்கக்கூட எழுந்து போக மாட்டேன்.

அவை எல்லைப் போராட்டம் நடந்த வருடங்கள். திருவனந்தபுரம் ஆட்சியின் கீழ் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டமும் ஊர்வலமும் நடந்தன. போலீஸ் வண்டி ரோட்டில் போனால் கடைக்காரர்கள் பாதிக் கதவை அடைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். சந்தேகப்படுவது என் தொழில், இப்போது ஊரும் என் வழிக்கு வந்து சேர்ந்தது. யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எங்கள் ஊரில் சின்ன வேலை இல்லை. எல்லாருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஒருவரே மனைவியிடம் தமிழும் மாட்டிடம் மலையாளமும் பேசுவார். மேஸ்திரியின் கையில் ஸ்பானர் வழுக்கி அடிபடும்போது எந்தப் பாஷையில் கத்துகிறார் என்று நான் காத்திருந்து பார்த்திருக்கிறேன். அவர் “அம்மோ” என்றார். எனக்கு அடிபட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

என் மனைவியின் அண்ணன் பாறசாலையில் சாயாக்கடை வைத்திருந்தார். எங்கள் பகுதியில் போராட்டக் கமிட்டி என்றால் அந்தக் கடைதான். மச்சான் என்மேல் பிரியம் உள்ளவர், ஆனால் நான் நெய்யாற்றின்கரைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

“மாப்பிள்ளே, நம்ம ஆளு எத்தன பேரு உண்டு? அவன்கிட்ட எதுக்காக்கும் கொண்டு போறீரு?” என்று கேட்பார்.

“பாதிக் கூலியாக்கும் மச்சான்.”

“பாதிக் கூலிக்கு வேல செய்யுதவன் மனசுல என்ன வச்சிருக்கானோ!”

இதையேதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் பனச்சமூட்டில் ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம். நாகர்கோவிலில் இருந்து பேச்சாளர்களை என் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்று மச்சான் சொல்லிவிட்டார். கார் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பனச்சமூட்டுக்கு வெள்ளறடைப் பக்கத்து மேட்டில் ஏற வேண்டிய வண்டி, வால்வைத் தேய்த்துச் சரிசெய்தால்தான் ஆகும். புதன்கிழமை விட்டால் வியாழக்கிழமை எடுத்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல நல்ல சாமான்களைக் கழற்றினேன். அந்தத் தடவை இக்னீஷன் காயிலையும் கழற்றினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் சின்ன உருளை அது. இரண்டு போல்ட்டும் சில வயரும்தான், கழற்றுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். சென்னையில் இருந்து ஆள் மூலம் வரவழைத்த புதுசு. அதைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முன்பு கழற்றிப் போட்ட பழைய காயிலை மாட்டினேன். பழையதற்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடானால் செத்துவிடும். ஆறச் சற்று நேரம் கொடுத்தால் மறுபடியும் உயிர் வரும். காலைக் குளிரில் ஆறு மைல் ஓட்டிப் போக அது தாங்கும். அதற்கு மேல் எனக்குத் தேவையும் இல்லை.

புதன்கிழமை முழுவதும் மேஸ்திரி வால்வு வேலை பார்த்தார். நான் மரப்பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தார். சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது. “வாங்க அண்ணே, ஒரு ஓட்டம் போயிட்டு வரலாம்” என்று பாலராமபுரம் பக்கம் ஓட்டினார். திரும்பி வரும் வழியில் கார் நின்றுவிட்டது.

காயில்தான் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது. புதிதாக வேலை செய்தது வால்வில், ஆகவே தவறு தன் வேலையில் இருக்கும் என்று அவர் நினைத்தார். நேர்மையாக வேலை செய்கிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். வால்வை இறுக்கமாக வைத்துவிட்டேன், சூடானதும் அடைபடவில்லை என்று தானே சொல்லிக்கொண்டு, கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடியும் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்வது உண்டு. சொன்னால், ‘உன்னைத் திருடன் என்று நினைத்துத்தான் நல்ல காயிலை வீட்டில் ஒளித்துவிட்டு வந்தேன்’ என்றும் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் ஒன்று. மறுநாள் காலை வரும்போது வீட்டில் இருந்து புதுசை எடுத்து வந்து ஏதாவது சாக்குச் சொல்லி மாட்டியிருக்கலாம். ஆனால் அவர் வேலையை முடிக்கும் வரை அந்தப் புதுசு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. சிரிக்காதீர்கள், அப்படிப்பட்ட ஆள் நான்.

வியாழக்கிழமை இரண்டாவது தடவை என்ஜினைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை கார்புரேட்டரை, பெட்ரோல் குழாயை, டாங்கியை எல்லாம் கழுவினார். குளிர்ந்த என்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், அவர் முகம் மலரும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். கையெல்லாம் காயம். பாலராமபுரம் தறிகளில் இருந்து வரும் கழிவு நூலால் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் காரைப் பார்ப்பேன். சாயங்காலம் கொட்டகையை அடைக்கும்போது, யாராவது திறந்தால் தெரியட்டும் என்று அந்த நூலில் ஒரு இழையை எடுத்து பானட்டின் குறுக்கே கட்டிவிட்டு பஸ் ஏறுவேன்.

வெள்ளிக்கிழமை ஆனபோது என் மனதில் ஒரு விசித்திரம் நடந்தது. எனக்கே காயிலின்மேல் சந்தேகம் குறைந்து மேஸ்திரியின்மேல் கூடிவிட்டது. காயில் ஒன்றுதான் காரணம் என்றால் இவ்வளவு நேரம் ஆகுமா? சனிக்கிழமைக் கூட்டம் இவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் இழுக்கிறாரோ? என் பொய்யை நானே நம்ப ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை, கார் வராது என்று சொல்வதற்காக மச்சானின் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த வேலை நடந்த நாட்களில் பகலில் காரை விட்டு நான் விலகியது அன்று ஒரு நாள்தான். கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள்.

“வண்டிக்கு என்னவாக்கும் கேடு?” என்று மச்சான் கேட்டார்.

“கண்டுபிடிக்க முடியல்லண்ணு சொல்லுகாரு.”

“முடியல்லயா, மனசு இல்லியா?”

நான் தலையை மட்டும் ஒருவிதமாக ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் போதுமானதாக இருந்தது. பேச்சாளர்கள் பஸ்ஸில் வந்து சேரும் முன்பே மழை வந்து கூட்டம் கலைந்துவிட்டது. பழி மழையின்மேல் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டகைக்குப் போனபோது கார் தயாராக இருந்தது. பானட்டில் கட்டிய நூல் அறுந்திருந்தது. “எல்லாம் செரியாச்சு அண்ணே, சின்ன காரியமாக்கும்” என்றார் மேஸ்திரி. வால்வு வேலைக்கு முதலில் பேசிய கூலிக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாள் பாடுபட்டவர் ஏன் கூடக் கேட்கவில்லை என்பது வழி முழுவதும் என்னை அரித்தது. கார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, புதுக் காயிலை மாட்டுவதற்காக பானட்டைத் திறந்தேன். உள்ளே இருந்தது என் பழைய காயில் இல்லை. வேறு ஒன்று. நல்ல காயில்.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ‘என் பழைய காயிலைத் திருடிவிட்டானே!’ அது செத்த சாமான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு, வேறு யாருடைய காரிலோ இருந்து எடுத்து மாட்டி என்னைப் போலீஸில் மாட்டிவிடப் பார்க்கிறான் என்று தோன்றியது. பிறகு, என் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டான், சமயம் பார்த்து நாலு பேர் நடுவில் சொல்லி என் மானத்தை வாங்குவான் என்று. ஒரு மனிதன் சும்மா ஒரு நல்ல சாமானைக் கொடுத்திருப்பான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவர் காயிலைக் கழற்றிவிட்டு என் புதுசை மாட்டினேன். அவருடையதைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அடுத்த சில வாரங்களில் மேஸ்திரியின் கொட்டகை காலியாகிவிட்டது. வெள்ளறடையில் இருந்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வரும் இரண்டு லாரிகள் அவருக்கு நிரந்தர வேலை தந்துகொண்டிருந்தன. அவை வருவது நின்றது. வாடகைக் கார்க்காரர்கள் களியக்காவிளைப் பக்கத்து ஒர்க் ஷாப்புகளுக்குப் போனார்கள். தமிழனின் வண்டியை வேண்டுமென்றே முடக்கிப் போட்டவன் என்று மச்சானின் கடையில் தொடங்கிய பேச்சு அதற்குள் லாரிக்காரர்கள் வரை போயிருந்தது. ஒரு பட்டப்பகலில் யாரோ எறிந்த கல் கொட்டகையின் தகரத்தில் விழுந்ததாகவும் கேள்விப்பட்டேன். திருவனந்தபுரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மேஸ்திரி சாக்கின்மேல் ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். என் காரைக் கண்டால் கையைத் தூக்குவார். நான் ஹாரனை அடித்துவிட்டு ரோட்டைப் பார்ப்பேன்.

அரிசி அளக்கப் போன என் மனைவி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

“இஞ்ச பாருங்க, இது யாருக்க சாமான்? உங்களுக்க காயிலு வண்டியிலே கெடக்குதே?”

எத்தனையோ சமாளித்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியைக் கீழே வைத்தாள்.

“ஒரு மனுஷன் கஞ்சிக்கு இல்லாம இருக்காரு, நீங்க வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? எங்க அண்ணன்கிட்ட நீங்க போய்ச் சொல்லுதியளா, நான் போகட்டா?”

மறுநாள் காலை அந்தக் காயிலையும், என் காரில் இருந்து கழற்றிய புதுக் காயிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்தே போனேன், ஒரே தடவையில் முடிந்துவிடட்டும் என்று. இரண்டையும் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பழைய காயிலை மாட்டியது நான், கார் நின்றது அதனால், மேஸ்திரி மேல் ஒரு குற்றமும் இல்லை, தன் கையில் இருந்து நல்ல காயில் தந்திருக்கிறார் என்று சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் நடுவில் அவ்வளவு உண்மையை நான் பேசியதில்லை.

மச்சான் மேஸ்திரியின் காயிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“இது அவன் சும்மா தந்ததா?”

“ஆமா மச்சான்.”

“வெல இல்லாம?”

“ஆமா.”

“செரி. இதுதானா உம்மள வாங்குன வெல?”

கடையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், போலீஸ்காரர்கள் மிரட்டினார்களா என்று கரிசனமாகக் கேட்டார். நான் சத்தியம் செய்தேன். “நீரு பெட்ரோல் பம்புக்காரனையே நம்பமாட்டீரு, அவன மட்டும் எப்படி ஓய் நம்புனீரு?” என்றார் மச்சான்.  சந்தேகப்படுவதில் எனக்கு ஊரில் இருந்த பெயரே என் வாயை அடைத்துவிட்டது. அன்று முதல் கமிட்டி வேலைக்கு என் காரைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

கடையில் இருந்து நேராக நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். மேஸ்திரி சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்தில் ஒருவருடைய ஷெட்டில் கூலிக்குச் சேர்ந்துவிட்டாராம். மூலையில் நின்ற கார் இல்லை. இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டேன் என்றார், ஏதோ பழைய செருப்பைக் கொடுத்த மாதிரி.

நான் அவருடைய காயிலை நீட்டினேன். “மேஸ்திரி, இது உம்ம சாமான். வாங்கிக்கிடும்.”

“அது கெடக்கட்டும் அண்ணே. எனக்கு இனி வண்டி ஏது? உங்களுக்கு வேணும்.”

அவர் குனிந்து ஸ்பானர்களைத் துடைத்தபடியே சொன்னார். “நீங்க ஊருக்குப் போன சனியாழ்ச்சதான் எனக்குக் காரியம் பிடிகிட்டிச்சு. அந்தக் காயிலு செத்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். இத வச்சு வண்டி ஓட்டுகாருண்ணா கையில ஒண்ணும் இல்லாத மனுஷனாக்கும்ணு தோணிச்சு. மூணு நாளா ஒரு சாயா குடிக்கக்கூட நீங்க எழுந்திரிச்சுப் போகல்ல. நான் கண்டேன். கேட்டா உங்களுக்கு வெக்கமா இருக்கும். அதான் ஒண்ணும் சொல்லாம, எனக்க வண்டிக்கு வச்சிருந்தத எடுத்து மாட்டுனேன்.”

நான் இதோடு வாயை மூடிக்கொண்டு, ஏழையாகவே திரும்பிப் போயிருக்கலாம். அவருக்கும் கொடுத்த திருப்தி மிஞ்சியிருக்கும். ஆனால் காலையில் தொடங்கிய உண்மையைப் பாதியில் நிறுத்த முடியவில்லை.

“எனக்கு வேற காயிலு உண்டு மேஸ்திரி” என்றேன். “புதுசு. அன்னைக்கும் வீட்டுல உண்டு.”

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

“பின்னே பழசு எதுக்கு மாட்டுனீங்க?”

நான் கவிழ்ந்து கிடந்த மரப்பெட்டியைப் பார்த்தேன்.

“மூணு நாளும் இங்கேயே இருந்தீங்களே, அது எதுக்கு?”

“உம்மள காவல் காத்தேன்” என்றேன்.

மேஸ்திரி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் கையில் இருந்த காயிலை வாங்கினார். பெட்டிக்குள் வைக்கப் போனவர் அதைக் கொட்டகையின் வாசலுக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன்னுடையதுதானா என்று.